இருட்டுக்கு ஒரு ஒத்திகை

உலகமே இருண்டாலும் சரி, தன் வீட்டிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே கசியக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் தீர்மானித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தியானப் பிரசங்கம் முடிந்து மாதா கோயிலிலிருந்து வருகிற வழியிலேயே தீர்மானித்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சன்னல்களை எண்ணினார். ஐந்து. கதவு இரண்டு. சாவித்துவாரத்தைத் தனியாக எண்ணிக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் புதுநன்மைப் படம், கல்யாணப் படம் எல்லாம் எடுப்பார். எல்லாரிடமும் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தெருவில் அவர் பெயரே அசையாதீங்க என்று ஆகிவிட்டது. கூச்ச சுபாவம் உள்ளவர், மறுத்துப் பேசவில்லை. அவர் சொல்லி அசையாமல் நிற்காத ஆள் ஊரிலேயே ஒருவர்தான். அது அவர் மனைவி.

அந்த அம்மாள் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"மூணு நாள் இருட்டாமே."

"கரண்ட் கட்டா?"

"கரண்ட் இல்லம்மா. சூரியனே கட்டு."

மெஷின் நின்றது. "யாரு சொன்னா?"

"தியானம் குடுக்க வந்த பிரசங்கியார். எந்தக் காலத்துலயோ ஒரு புண்ணியவதி தீர்க்கதரிசனமா சொல்லிட்டுப் போயிருக்காங்களாம். இந்த மாசமும் வரலாம், அடுத்த மாசமும் வரலாம்னாரு."

"அடுத்த வருஷம்?"

"அதையும் சொன்னாரு."

"கெட்டிக்காரர்தான்," என்றார் மனைவி. மெஷின் மறுபடி ஓடியது.

அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் சட்டதிட்டங்களைச் சொன்னார். மூன்று நாளும் விளக்கு எரியாது, தீப்பெட்டி எரியாது. சாமியார் மந்திரித்துக் கொடுத்த தேன்மெழுகு மெழுகுதிரி மட்டும்தான் எரியும். உள் வெளிச்சம் வெளியே தெரியாதபடி சன்னல்களை இறுக மூட வேண்டும். வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. முக்கியமானது கதவு. கதவை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

"யாராவது தெரிஞ்சவங்க வந்து தட்டினா?"

"அதுதாம்மா விஷயம். பிசாசு நமக்கு வேண்டியவங்க குரல்லயே வந்து கூப்பிடுமாம். இரக்கப்பட்டுத் திறந்தோம், தீர்ந்தோம்."

சொல்லிவிட்டு அவரே ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிலிம் கழுவும் இருட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர்தான். ஆனால் இருட்டு என்றால் அவருக்கு உள்ளூர நடுக்கம். அந்த நாட்களில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து "இருக்கியா?" என்று கேட்பார். இந்தப் பக்கம் தையல் மெஷினிலிருந்து "இருக்கேன்" என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பித்தான் அத்தனை ஆயிரம் படங்களும் கழுவப்பட்டன. வாடிக்கையாளர் யாருக்கும் இது தெரியாது.

அந்த வாரமே மகள் போன் செய்தாள். ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம். மாதக் கடைசியில் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மா வந்து இரண்டு மூன்று மாதம் கூட இருக்க வேண்டுமாம்.

"போகக் கூடாது," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஏங்க, பெத்த பொண்ணுங்க."

"நீ அங்க இருக்கறப்போ இருட்டிடுச்சுன்னா?"

"அங்க இருட்டினா அங்க மெழுகுதிரி கொளுத்திக்கறேன்."

"எல்லாரும் அவங்கவங்க கூரைக்குள்ள இருக்கணும். நீ இந்தக் கூரை. அவ அந்தக் கூரை. பேச்சு முடிஞ்சுது."

அவர் வாழ்க்கையில் பேச்சு முடிந்தது என்று சொன்னது இதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் தேன்மெழுகு வாங்கக் கிளம்பிவிட்டார்.

கன்னியர் மடத்தில் சொல்லிவைத்து, கலப்படம் இல்லாத தேன்மெழுகில் ஒரு பெட்டி திரி வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இது எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு, சாமி."

"இதையெல்லாம் நம்பித்தான் ஆகணும்னு திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தலையே."

"நம்பலைன்னா பாவமா சாமி?"

"பாவமில்ல."

"நம்பினா?"

"அதுவும் பாவமில்ல."

"அப்ப மந்திரிச்சுக் குடுத்துடுங்க சாமி."

சாமியார் பெருமூச்சு விட்டு, தீர்த்தத்தை எடுத்து வரச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஓர் அதிசயம் காத்திருந்தது. மனைவி கறுப்புத் துணியை விரித்துப்போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"சன்னலுக்கு ரெட்டை மடிப்பா தைச்சுடறேன். ஒத்தைத் துணி போதாது."

இத்தனை வருஷத்தில் ஸ்டுடியோக்காரர் சொன்ன ஒன்றுக்கு அந்த அம்மாள் இரட்டை மடிப்பாக ஒத்துக்கொண்டது கிடையாது. சோபாவுக்கும் கட்டிலுக்கும்கூடப் பழைய புடவைகளைச் சேர்த்து உறை தைத்தார். "இருட்டுக்குள்ள தூசி தெரியாதுங்க," என்றார். கரண்ட் இருக்காது என்பதால் பிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவைத் திறந்துவைத்தார். கேஸ் சிலிண்டரை மூடினார். ஸ்டுடியோ வாசலில் மாட்ட ஒரு பலகையில் "மறு அறிவிப்பு வரும்வரை படம் எடுக்கப்பட மாட்டாது" என்று எழுதச் சொன்னதும் அவர்தான். சாப்பாட்டுக்கு ரொட்டி, பிஸ்கட், பழம். எல்லாவற்றையும் பை பையாகக் கட்டிவைத்தார்.

பின்கட்டுக் கக்கூஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு வந்தது.

"மூணு நாள் கதவு திறக்கக் கூடாதுன்னா, அதுக்கு எங்கங்க போறது?"

அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். மூடி போட்ட ஒரு வாளியைக் கொண்டுவந்து காட்டினார். மனைவி வாளியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"மூணு நாளும் உபவாசம்னு பிரசங்கியார் சொல்லலையா?"

"சொல்லலை."

"சொல்லியிருக்கலாம்."

அதோடு விட்டுவிட்டார். தன் மனைவிக்கும் விசுவாசம் வந்துவிட்டது என்று ஸ்டுடியோக்காரர் செபமாலையில் பத்து மணிகள் அதிகமாக உருட்டி நன்றி செலுத்தினார். மகள் பேச்சை அந்த அம்மாள் எடுக்கவே இல்லை. அது ஏன் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்கப் பயம்.

"ஒத்திகை பார்க்க வேண்டாமா?" என்று மனைவிதான் ஆரம்பித்தார். "அன்னிக்குப் போய் எங்கேயாவது ஓட்டைன்னா என்ன பண்றது?"

சரியான பேச்சு. தியானம் முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்தார். பொழுது சாய்ந்ததும் சன்னல்களை அடைத்தார். திரைகளை ஆணி அடித்து மாட்டினார். பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார். விளக்கை அணைத்து ஒரு திரியை ஏற்றினார். சுடர் நிமிர்ந்து நின்றது. வீடு குகை மாதிரி ஆயிற்று.

"எப்படி?" என்றார் பெருமையாக.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிச்சம் வெளிய கசியுதான்னு உள்ள நின்னுக்கிட்டு எப்படித் தெரியும்?"

இருட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. வெளிச்சம் உள்ளே கசிவதைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வெளியே கசிவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பனியனும் கைலியுமாகத் தெருவுக்கு வந்தார். மனைவி கதவைச் சாத்தினார். அவர் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சாவித்துவாரம்கூட அடைபட்டிருந்தது. திருப்தியோடு கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"என்னம்மா, நான்தான். கதவைத் திற."

"குரல் என்னமோ எங்க வீட்டுக்காரர் குரல்தான்," என்றது உள்ளேயிருந்து. "அதனாலதான் திறக்கப் பயமா இருக்கு."

ஸ்டுடியோக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே பேக்கரி. ரொட்டி வாங்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஒத்திகை முடிஞ்சுதும்மா," என்றார் தணிந்த குரலில்.

"பிசாசும் அப்படித்தான் சொல்லும்."

"வேணும்னா ஏதாவது கேளு. நமக்கு மட்டும் தெரிஞ்சதா."

"நம்ம கல்யாணப் படத்துல எங்கப்பாவுக்குத் தலையே விழலையே. தெரியாம விட்டதா, தெரிஞ்சு விட்டதா?"

இவர் தன் கையாலேயே காமிராவை வைத்து, தானே ஓடிப்போய் நின்று எடுத்த படம் அது. பேக்கரிக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார்.

"தெரிஞ்சுதான்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

கதவுக்குப் பின்னால் குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷமா காமிரா கோளாறுன்னு சொன்னது?"

"இப்பவாவது நம்பறியா, நான்தான்னு?"

"எப்படி நம்பறது? பழைய கதையெல்லாம் பிசாசுக்கு அத்துப்படியாச்சே. இது செல்லாது."

பேக்கரிக்காரர் தெருவைக் கடந்து வந்தார். "என்ன அசையாதீங்க அண்ணே, வெளிய நிக்கறீங்க?"

"சும்மா, காத்து வாங்கறேன்."

"அண்ணி, அண்ணன்தான் நிக்கறாரு. நான் சாட்சி."

"நீங்க பேக்கரித் தம்பிதான்னு யாரு சாட்சி?" என்றது கதவு. பேக்கரிக்காரர் தன் கையையும் சட்டையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"சரி, என்னதான் பண்ணணும்?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"பிசாசு நல்ல காரியம் எதையும் செய்யாது. நீங்க ஒரு நல்ல காரியம் செய்யுங்க. என்னைப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பறேன்னு சொல்லுங்க."

"அது முடியாது."

"பார்த்தீங்களா தம்பி. பெத்தவளைப் பிரசவத்துக்குப் போக விடாதது மனுஷனா இருக்குமா?"

"இருக்காது அண்ணி," என்றார் பேக்கரிக்காரர்.

"சரி, போ."

"எங்க வீட்டுக்காரர் இவ்வளவு லேசுல ஒத்துக்க மாட்டாரே. சந்தேகமா இருக்கு."

மாட்டேன் என்றாலும் பிசாசு. சரி என்றாலும் பிசாசு. ஸ்டுடியோக்காரர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். தெரு விளக்கு எரிந்தது, பேக்கரி விளக்கு எரிந்தது. ஆனாலும் அந்த மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது அவருக்குப் பெரிய இருட்டாக இருந்தது. பேக்கரி ஜனத்தை மறந்துபோனார்.

"போயிட்டு வாம்மா," என்றார். "பிள்ளைப்பேறு பார்க்கப் போறவளை நான் ஏன் தடுக்கறேன்? எனக்கு ஒரு பயம். நீ அங்க இருக்கறப்போ இருட்டிடுச்சுன்னு வை. நான் இங்க தனியா. வாசல்ல உன் குரல் கேக்கும். ஏங்க, நான்தாங்க, திறங்கன்னு. திறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். பிரசங்கியார் சொன்னது எல்லாம் தெரியும். ஆனா உன் குரல்ல எது வந்து கூப்பிட்டாலும் நான் திறந்துடுவேன். அதான் நீ உள்ளயே இருக்கணும்னு பார்த்தேன்."

பேக்கரிக்காரர் கீழே பார்த்தார். ரொட்டி வாங்க வந்தவர்கள் மெதுவாகத் திரும்பிக்கொண்டார்கள்.

தாழ்ப்பாள் விலகியது.

மனைவி வாசலில் நின்றார். கண்ணில் ஈரம் இருந்தது. கோயிலுக்குப் போகிற புடவை கட்டியிருந்தார். கையில் பயணப் பெட்டி. பின்னால் ஒரு பெட்டி.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"பின்னால அது என்ன பெட்டி?"

"உங்களோடது. பிசாசுக்குக் கதவு திறக்கறவரைத் தனியா விட்டுட்டுப் போக முடியுமா? சட்டையைப் போடுங்க. ஒன்பது மணிக்கு ரயில். ரெண்டு டிக்கெட் எடுத்துப் பத்து நாளாச்சு."

ஸ்டுடியோக்காரருக்குக் கடைசி ஆயுதமாக ஒன்று அகப்பட்டது.

"ரெண்டு பேரும் மூணு மாசம் போயிட்டா வீடு என்ன ஆகறது? திடீர்னு கிளம்புன்னா எப்படி? அடைக்கணும், மூடணும், எவ்வளவு வேலை இருக்கு?"

மனைவி திரியை ஊதி அணைத்துவிட்டு, சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அதைத்தானே பத்து நாளா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க."