பழைய நேரத்தில் ஏறிய மலை

"பத்துத் தடவை போயிருக்கிறேன்" என்று ஒருவன் ஒரு மலையைப் பற்றிச் சொன்னால், பிள்ளைகளே, அவன் ஒரு தடவைகூட ஒழுங்காகப் போனதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அப்படிச் சொன்னவனே நான்தான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் எதிரே வந்த கார்களில் ஒன்றிரண்டைக் கூட்டிக்கொள்கிறாள். போன தீபாவளியில் அது பதினான்கு ஆகிவிட்டது. வந்தது எட்டுதான். அதனால் நானே எழுதி வைக்கிறேன். நான் படித்தது மூன்றாம் பாரம் வரைக்கும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் இளைஞனை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு அவன் லாயக்கில்லை.

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கிள்ளானில் அக்கா வீட்டில் சாப்பாடு, ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய் உங்கள் அம்மா சரோஜாவைப் பெண் பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்துவிட்டது. சரோஜாவுக்கும் பிடித்திருக்கிறது என்று அக்கா துப்பறிந்து சொன்னாள். உங்கள் தாத்தாதான் பிடிகொடுக்கவில்லை. அவர் ரயில்வேயில் சிக்னல்மேன். முப்பது வருடமாக ரயிலுக்குச் சிவப்பும் பச்சையும் காட்டியவர், எனக்கு மட்டும் இரண்டில் எதையும் காட்டாமல் மூன்று வாரம் நிறுத்தி வைத்திருந்தார்.

நான்காவது வாரம் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு போனேன்.

"கார் ஓட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஓட்டுவேன் அங்கிள். மலை ரோடுன்னா இன்னும் நல்லா ஓட்டுவேன். ஃபிரேசர் மலைக்கே பத்துத் தடவ போயிருக்கேன்."

(போனது ஒரே தடவை. தொழிற்சாலைச் சுற்றுலா பஸ்ஸில், கடைசி சீட்டில், தலையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு. நான் பார்த்த இயற்கைக் காட்சி பின்பக்கத்து டயர்.)

"அப்படியா? நானும் ரொம்ப வருஷமா பாக்கணும்னு இருக்கேன். வர்ற ஞாயிறு கூட்டிட்டுப் போங்க. கார் ஓட்டுறதுல ஆளு எப்படின்னு தெரிஞ்சிடும். வந்து பதில் சொல்லிடறேன்."

அதாவது என் கல்யாணம் இப்போது ஸ்டியரிங்கில் இருந்தது. அறிவுள்ளவன் அந்த இடத்திலேயே காய்ச்சல் என்று படுத்திருப்பான். நான் அத்தானின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவருடைய டட்சன் காரை வாங்கினேன்.

இரண்டு விஷயங்களை அத்தானிடம் சொல்லவில்லை. முதலாவது, எனக்கு முன்னால் போகத்தான் தெரியும். பின்னால் போனது லைசென்ஸ் சோதனை அன்றோடு சரி. கிள்ளானில் எங்கே போனாலும் முன்பக்கமாகவே வெளியே வரக்கூடிய இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துவேன். அதற்காக அரை மைல் நடந்ததும் உண்டு.

இரண்டாவது என் கைக்கடிகாரம். இதெல்லாம் நடந்தது எண்பத்திரண்டாம் வருட ஜனவரியில். அந்தப் புத்தாண்டு அன்றுதான் நாட்டின் நேரத்தையே அரை மணி முன்னால் தள்ளினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக்கோடு நாமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமாம். ஊரே கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. நான் திருகவில்லை. கேன்டீனில் நின்று, "சூரியன் மாத்திக்கிச்சா? அது மாத்தட்டும், நானும் மாத்துறேன்! அரை மணிதானே, மனசுலயே கூட்டிக்குவேன் லா. மூளை இருக்குல்ல!" என்று வசனம் பேசினேன். மூளை இருந்ததா என்பதை மேலே படியுங்கள்.

ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் தாத்தாவும் சரோஜாவும் ஏறினார்கள். சரோஜாவின் அம்மா புளிச்சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "எனக்குத் தலை சுத்தும், நான் வரல" என்று தப்பித்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் தீர்க்கதரிசி அவர்தான். அப்பாவும் மகளும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். முன்னால் நான் தனியாக, டாக்சிக்காரனைப் போல.

ரவாங் வரைக்கும் ராஜாதான். ரப்பர் மரங்களைக் காட்டி "இது ரப்பர் மரம்" என்று விளக்கினேன். (ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் உங்கள் தாத்தா.) கோலக்குபு தாண்டி மலை தொடங்கியதும் என் வாய் மூடிக்கொண்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மூங்கில் காடு, ஓடை, தூரத்தில் நீல நீலமாக மலைகள் எல்லாம் இருந்ததாகச் சரோஜா பிற்காலத்தில் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் பார்த்தது ரோட்டின் வெள்ளைக் கோடு ஒன்றைத்தான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். பின்னால் சரோஜா வாந்தியெடுக்க ஆரம்பித்தாள்.

மலையில் பாதி ஏறியதும் ஒரு கேட் வரும். அதற்கு மேல் ஐந்து மைலுக்கு ஒரு கார் மட்டும் போகும் அகலத்தில் பாதை. அதனால் ஒற்றைப்படை மணி அடித்ததும் நாற்பது நிமிடம் ஏறுகிற கார்களுக்கு, இரட்டைப்படை மணி அடித்ததும் நாற்பது நிமிடம் இறங்குகிற கார்களுக்கு. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"மணி பாத்தீங்களா தம்பி?" தாத்தாவின் ஒரு கையில் பிளாஸ்டிக் பை, மறு கையில் மகளின் தலை. தன் கடிகாரத்தைப் பார்க்க அவருக்குக் கை இல்லை.

"பாத்துட்டேன் அங்கிள். பதினொன்னு முப்பத்தஞ்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு!"

மனதில் அரை மணியைக் கூட்டுகிறவன் அன்றைக்குக் கூட்டவில்லை. உண்மையில் மணி பன்னிரண்டு ஐந்து. இறங்குகிற கார்களுக்காகத் தடுப்புக் கம்பு தூக்கியிருந்தது. அதற்குள் புகுந்தேன். கேட்காரர் ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினார். எவ்வளவு அன்பான மனிதர் என்று நானும் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

ஒரு மைல் போயிருப்போம். வளைவில் ஒரு பெரிய கார் மூக்கோடு மூக்காக வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும். எட்டு.

நான் செய்ததை எழுதவே கூசுகிறது. காரைவிட்டு இறங்கினேன். சட்டையை இழுத்துவிட்டேன். முதல் காரில் இருந்த சீனப் பெரியவரிடம் போய், எனக்குத் தெரிந்த மலாயில், "என்ன அங்கிள், இது மேல ஏறுற நேரம்! போர்டு படிக்கத் தெரியாதா? பின்னால போங்க!" என்று கத்தி, என் கைக்கடிகாரத்தை அவர் மூக்கருகில் நீட்டினேன். எல்லாம் மாமனார் பார்க்கட்டும் என்றுதான்.

அவர் கோபப்படவில்லை. என் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயையோ, தம்பி... இது போன வருஷத்து டைம் லா," என்றார். பிறகு பின்னால் திரும்பி ஏதோ குரல் கொடுத்தார். ஒவ்வொரு கார் ஜன்னலிலிருந்தும் ஒரு கை நீண்டது. எல்லாக் கையிலும் கடிகாரம். எல்லாக் கடிகாரத்திலும் பன்னிரண்டு பதினைந்து.

திரும்பிப் பார்த்தேன். தாத்தா காரைவிட்டு இறங்கி நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் காப்பதுதான் அவர் முப்பது வருடம் செய்த வேலை.

"சிங்கிள் லைன்ல எதிர்ல வந்திருக்கீங்க தம்பி," என்றார் மெதுவாக. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "சரி. பின்னால எடுங்க."

"அங்கிள்... எனக்குப் பின்னால வராது."

"என்ன வராது?"

"ரிவர்ஸ்."

"பத்துத் தடவ வந்தப்ப?"

நான் பள்ளத்தைப் பார்த்தேன். குதித்துவிடலாம் என்று தோன்றியது. சரோஜா அந்த நிலையிலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாந்தி என்று நினைத்தேன். சிரிப்பு.

தாத்தா பின்சீட்டுக் கதவைத் திறந்தார். புளிச்சோறு கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து ஒரு கையில் எடுத்தார். பாதை ஓரத்தில் ஒரு நீளமான பெரணி இலையை ஒடித்து மறு கையில் பிடித்தார். காருக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போய் நின்று, விறைப்பாகப் பச்சையைத் தூக்கினார்.

அப்படியே ஒரு மைல். அவர் பின்னாலேயே நடக்க, நான் கழுத்தை முறுக்கிக்கொண்டு அவர் கையை மட்டும் பார்த்து வந்தேன். பச்சை தூக்கினால் நகர்ந்தேன். சிவப்பு தூக்கினால் நின்றேன். ஓர் இடத்தில் சிவப்பைப் பார்த்து நின்றபோது பின் டயருக்கும் பள்ளத்துக்கும் ஒரு ஜாண் இருந்தது. சரோஜா புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்து வந்தாள். முன்னால் எட்டுக் கார்களும் கல்யாண ஊர்வலம் போல ஊர்ந்து வந்தன. மூன்றாவது காரில் இருந்த குழந்தைகள் கைதட்டின.

கேட்டில் அந்த மனிதர் இடுப்பில் கைவைத்து நின்றார். "நிறுத்துன்னு கைய ஆட்டுனேன். நீயும் டாட்டா காட்டிட்டுப் போறியே!" என்றார்.

"வீட்டுக்குப் போயிடலாம் அங்கிள்," என்றேன்.

"எதுக்கு? ஒரு மணிக்கு அடுத்த லைன் இருக்கு. சாப்பிடுங்க," என்றார் தாத்தா.

சாப்பிட்டோம். ஒரு மணிக்கு ஏறினோம். மேலே ஒரே மூடுபனி. கை நீட்டினால் கை தெரியவில்லை. (எனக்கு அது வசதியாக இருந்தது. என் முகமும் யாருக்கும் தெரியவில்லை.) அடுத்த இறங்கும் நேரத்துக்கு இறங்கி, மாலையில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம். வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

"கைய நீட்டுங்க தம்பி."

நீட்டினேன். தாத்தா என் கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை அரை மணி முன்னால் நகர்த்தி, அழுத்திவிட்டார்.

"அடுத்த ஞாயிறு காலையில பத்து மணிக்கு அக்கா, அத்தானக் கூட்டிட்டு வாங்க. தட்டு மாத்திக்கலாம். இந்த நேரப்படி பத்து மணி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு மாற்றிய அன்று அத்தான் அவரிடமே கேட்டுவிட்டார். "எப்படிங்க மாமா இவனுக்குப் போய்ச் சரின்னீங்க?"

"பையன் புளுகுறான். அவசரப்படுறான். ரிவர்ஸ் வராது. ஆனா நான் சிவப்புக் காட்டுன ஒவ்வொரு தடவையும் நின்னான் மாப்ளே. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. என் பொண்ணு காட்டுனாலும் நிப்பான். அது போதும்."

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் 'புதிய நேரம்' என்று அச்சடிக்கச் சொன்னதும் அவர்தான். உறவுக்காரர்கள் இன்றுவரை என்னை எங்காவது கூப்பிட்டால், மணியைச் சொல்லிவிட்டு, "புது டைம் லா!" என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.

அந்தச் சிவப்புத் துணியும் இருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையில், கரண்டி வைக்கும் இழுப்பறையில், நீங்கள் பார்த்திருப்பீர்கள். விருந்தாளிகள் வந்து, நான் உற்சாகமாகி, "அந்தக் காலத்துல நான் பத்துத் தடவ..." என்று ஆரம்பித்தால், உங்கள் அம்மா எழுந்து சமையலறைக்குப் போவாள். உள்ளே இழுப்பறை திறக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

நான் நின்றுவிடுவேன்.