வேலாயியின் குரல் காத்த படலம்

வாழ்க அழகுமுத்து! பனி வந்து கண்ணாடிக் கதவைத் தடவும் அட்டன் நகரத்துத் தகவல் தொடர்புக் கடையில், விசைப்பலகையே வில்லாக, சுண்டுவிரலே அம்பாக வீற்றிருந்த வீரனே, உன் போரைச் சொல்ல எங்கள் நாவில் சந்திப் பிள்ளையார் வந்து அமர்க!

ஆண்டு இரண்டாயிரத்து நான்கு. யானைபோல் இரைந்து ஆமைபோல் நகர்ந்த அவனது பழைய கணினியை, பேத்தியின் படிப்புக்கென வட்டவளைச் செல்லசாமி விலைபேசியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற அவர் மாலை வேனில் வரவிருந்த வேளையில், கொழுந்துக் கூடையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள் வேலாயி.

"அண்ணே, கத்தாருக்கு நான் பேசி அனுப்புனேனே, அது இன்னும் இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கும்மா."

"ஐயோ! வாங்க வாறது எங்க மாமியா தம்பிண்ணே!"

அந்தோ! கடல் கடந்த கணவன் சிரிக்கட்டும் என்று, மாமியார் ராக்காயி வெற்றிலை மென்றபடி ஏசுவதை, இருமல் உட்பட அப்படியே பேசிக்காட்டியிருந்தாள் அவள். தம்பியின் காதில் விழுந்தது அக்காளின் காதுக்கு ஏற எத்தனை நாழிகை? தோட்டத்து லய வரிசையில் ஒரே காம்பிரா அறைக்குள், ஒரே அடுப்படியில், அதன்பின் எப்படிச் சோறு இறங்கும்?

"அஞ்சற்க! அடுத்தவர் பேச்சு அடைக்கலப் பொருள்!" என்று முழங்கிய வீரன், கணவனுக்கென்று பேசிய சொல் பிறர் காதில் விழலாகாது என்னும் அறம் கருதி, நாகத்தின் தலையை நசுக்குவான்போல் அழிக்கும் விசையை அழுத்தினான். ஒலிக்கோப்பு மறைந்தது.

வேலாயி திரையை உற்றுப் பார்த்தாள். "அந்தக் குப்பைக் கூடையில தாள் தெரியுதேண்ணே? எங்க மாமியா குப்பையக் கிளறித்தான் பாக்கும். இது அரைப் பேரு வேலைண்ணே."

கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரை நாள் சம்பளம் மட்டும் எழுதும் அந்த அரைப் பேர் என்னும் சொல், ஆயிரம் ஈட்டிகளாய் அவன் மார்பில் தைத்தது. கூடையைக் கொட்டினான். கொட்டிய பின்னும், கற்றறிந்தோர் மீட்டெடுப்பர் என்று கொழும்பு வகுப்பில் கேட்டது நினைவில் இடித்தது.

"வன்தட்டையே பெயர்ப்பேன்!" எனச் சூளுரைத்து, திருப்புளி என்னும் வேலினை ஓங்கி, பெட்டியாகிய கோட்டைக்குள் புகுந்தான். திருகாணி வீரர் ஒவ்வொருவராய் வீழ்ந்தனர். துருவேறிய ஒருவன் மட்டும், மலையே பெயர்ந்தாலும் பெயரேன் என்று நின்றான். வீரனுக்கு வியர்த்தது, வேன் ஒலிப்பான் கேட்டது. வேலாயி தன் தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெயை விரலால் வழித்து அந்தத் துருவேறியவன்மேல் தடவினாள். வேலுக்கு வளையாதவன் எண்ணெய்க்கு இளகினான். வன்தட்டும் சுத்தியலும் சந்தித்தன.

செல்லசாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, டிஸ்க்கு எங்க?"

"பல பேரு பேசுனது இருந்துச்சுங்கய்யா. குடுக்க மனசு வரல. வெலைய நீங்களே கொறச்சிக்கங்க."

கொழுந்துக் கூடைக்குப் பின்னால் குனிந்திருந்த வேலாயியின் தலையை அவர் பார்த்தார், பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார். கடவுள் மனிதருக்குள் ஒளித்துவைத்த கருணை, பல நேரம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வதாகத்தான் இருக்கிறது.

"அப்ப எடுத்தது சரி. புதுசு நானே போட்டுக்கிறேன். எங்க அக்கா மாதிரி பேசிக்காட்டுற கொரல நானும் முன்ன கேட்டிருக்கேன்; அது இதுல இருந்திருந்தா எனக்கே பயம், பேத்திக்கு என்ன ஆகும்? முழுப் பேரு போட்டுக்க தம்பி!"

கணக்கப்பிள்ளையின் வாயால் முழுப் பேர்! மலைகள் அதிர, தேயிலைச் செடிகள் தலைவணங்க, நெளிந்த வன்தட்டை வெற்றிப் பொருளாகக் கூடையில் ஏந்தி வீடு சேர்ந்தாள் வேலாயி.

ராக்காயி அதை வாங்கி ஊறுகாய்ச் சாடி மூடிக்குப் பாரமாக வைத்தாள்.