ஒன்றரை ஆசிரியர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்காலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு லாரியில் வந்து சேர்ந்தது. இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு மின்பலகை. தொட்டால் பேசும், எழுதும், படம் காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பின்னாலேயே காரில் எதிர்காலக் கல்வி அதிகாரி வந்தார். நிகழ்காலக் கல்விக்கு அதிகாரி கிடையாது; அந்தப் பணியிடம் மூன்று வருஷமாகக் காலி.

நான் இந்தப் பள்ளியின் எழுத்தர். கடிதம் எழுதுவது, மணி அடிப்பது, கதவைப் பூட்டுவது எல்லாம் நான்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

அதிகாரி கொண்டுவந்த சுற்றறிக்கை சொன்னது: "மின்பலகை ஒன்று, ஒன்றரை ஆசிரியருக்குச் சமம் எனக் கருதப்படும். பலகை இயங்கத் தொடங்கும் நாள்முதல் அதற்கு ஈடான ஆசிரியர்கள் உபரி எனக் கொள்ளப்பட்டு இடமாற்றம் செய்யப்படுவர்."

எங்களிடம் இருந்ததே ரெண்டு பேர். ஒருவர் தலைமையாசிரியர். இன்னொருவர் சீப்பு டீச்சர். பரட்டைத் தலையோடு வருகிற பிள்ளையை வாசலிலேயே பிடித்துச் சீவிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அதனால் அந்தப் பெயர். அஞ்சு வகுப்புக்கும் அவர்தான் பாடம்.

"ரெண்டுல ஒன்றரை போனா மிச்சம் அரை சார். அரை ஆசிரியருக்கு நான் எங்க போறது?" என்றேன்.

அதிகாரி தலைமையாசிரியரை மேலும் கீழும் பார்த்தார். "இவர் பாடம் எடுக்கிறாரா?"

"மீட்டிங் போவாரு சார்."

"அப்போ இவர் அரை. அஞ்சு வகுப்பு எடுக்கிற அந்தம்மா ஒன்றரை. கணக்கு நேராயிடுச்சு பாருங்க."

அரை என்று சொன்னதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷரை நான் பார்த்ததே இல்லை. டீச்சருக்குத்தான் முகம் செத்துவிட்டது. மாற்றல் போட்டிருந்த ஊருக்கு எட்டு மணி நேரம் பஸ். அவருடைய மகள் இதே பள்ளியில் ரெண்டாம் வகுப்பு.

திறப்பு விழாவில் அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே பலகை ஒரு கேள்வி கேட்டது. "உங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் யார்? இந்தப் பதிலே இனி பலகையின் சாவி." பேச்சை நிறுத்த முடியுமா? அதிகாரி தலைமையாசிரியருக்குக் கண் காட்டினார். தலைமையாசிரியர் எனக்குக் கை காட்டினார். எனக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்ற நாலாம் வகுப்புப் பெண்ணிடம், "நீ தட்டும்மா" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "சீப்பு டீச்சர்" என்று முணுமுணுத்தபடியே தட்டினாள். பலகை பூட்டிக்கொண்டது. அதிகாரி வந்து பலகையைத் தொட்டபடி போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பலகை பழைய கேள்வியையே கேட்டது.

"நேத்து நான் போட்டதுதானே!" என்றார் அதிகாரி. போட்டோவைப் பார்த்துப் பார்த்து அவரே நம்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பலகை திறக்காத வரைக்கும் டீச்சர் இங்கேதானே? அந்தப் பெண்ணிடமும் சொல்லிவைத்தேன். "நான் எதையுமே தட்டலையே சார்," என்று ஒரு பார்வை பார்த்தாள். கெட்டிக்காரி.

மொத்தம் அஞ்சு வாய்ப்பு. அஞ்சும் தப்பானால் பலகை கம்பெனிக்கே திரும்பிப் போகும். முதலில் அதிகாரி தன் மேலதிகாரி பெயரைப் போட்டார். தப்பு. மனைவி பெயர். தப்பு. தலைமையாசிரியர் "அனுபவம்னு போடுங்க சார்" என்றார், அதுவும் தப்பு. நாலாவதாக, யாரும் பார்க்காதபோது, தன் பெயரையே போட்டுப் பார்த்தார். நான் பார்த்தேன்.

மிச்சம் ஒரே வாய்ப்பு என்றதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: "பிடித்த ஆசிரியரை நினைவுகூரும் பணியில் அதிகாரி அப்பள்ளியிலேயே தங்கியிருக்க வேண்டும்." வேறு இடம் இல்லாததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நினைவுகூர்ந்தார். முதல் நாள் வாசலில் டீச்சர் பழக்க தோஷத்தில் சீப்பை எடுத்தார். அதிகாரியின் வழுக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் பின்னக் கணக்கு. மூணாம் நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், ஒன்றரைக்குள்ள எத்தனை அரை இருக்கு?"

"நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."

அதிகாரி விரல் விட்டு எண்ணினார். "மூணு?"

"வெரி குட்!"

மனுஷர் காது வரைக்கும் சிவந்துபோனார். இடைவேளையில் என்னிடம் வந்து, "என்னை யாருமே வெரி குட்னு சொன்னதில்லையா... என்னமோ பண்ணுது" என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

பத்தாம் நாள் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு என்ன போட்டேன்னு ஞாபகமில்ல. ஆனா இன்னிக்குக் கேட்டா எனக்கு ஒரே பதில்தான்," என்று பலகையை நோக்கி நடந்தார்.

"ஐயோ சார், வேண்டாம்!" என்று கத்தினேன். அதற்குள் "சீப்பு டீச்சர்" என்று தட்டிவிட்டார்.

பலகை திறந்துகொண்டது. விவரம் தெரியாத பிள்ளைகள் கைதட்டினார்கள். நாலாம் வகுப்புப் பெண் மட்டும் தட்டவில்லை.

"வணக்கம்," என்றது பலகை. "பாடம் தொடங்க, ஆசிரியர் தமது வலது கட்டைவிரலை வைக்கவும்."

தலைமையாசிரியர் வைத்தார். "நீங்கள் ஆசிரியர் அல்ல," என்றது. பலகையை மாட்டிய அன்றைக்குக் கம்பெனிக்காரர் வகுப்பில் இருந்த டீச்சரின் ரேகையைத்தான் எடுத்திருந்தார். மீட்டிங்கில் இருந்தவரைத் தேடிப் போகவில்லை.

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். எதிர்காலத்தை அவ்வளவு லேசாக எடைபோட்டது என் தப்பு. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு தாளில் அரை மணி நேரம் கணக்குப் போட்டார். பிறகு நேராக டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"விரல் பத்து. ஆகவே, கட்டைவிரல் என்பது ஆசிரியையில் பத்தில் ஒரு பங்கு. அப்பங்கு மாற்றுப்பணியில் இப்பள்ளியிலேயே தொடரும். மீதி பத்தில் ஒன்பது பங்கு புதிய பள்ளியில் உடனே சேர வேண்டும்."

"கணக்கு சரியா டீச்சர்?"

டீச்சர் படித்தார். ரெண்டு தடவை படித்தார். கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டது.

"சரிதான் சார். பின்னம் உங்களுக்கு நல்லா வந்துடுச்சு."

அதிகாரி நகரவில்லை. "வெரி குட் சொல்லலையே?"

"வெரி குட்," என்றார் டீச்சர். பேனாவை மூடி வைத்தார்.

பத்து நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேனே, அதே நான்தான் அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தேன். மூன்று பிரதி. கீழே வழக்கம்போல "இணைப்பு" என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "கட்டைவிரல், எண்ணிக்கை ஒன்று" என்று போட்டு, முத்திரை குத்தினேன்.