நாற்பது ரூபாய் மேஸ்திரி

"நாப்பது ரூபா! ஒரு பைசா கொறைஞ்சாலும் கரண்டியைத் தொட மாட்டேன், நயினாரே!"

இப்படி முழங்கிவிட்டுத் தேவசகாயம் மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்தார். பேரத்தின் நடுவே எழுந்து நின்றால் எதிராளி மிரள்வான் என்பது அவருடைய கணக்கு. விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே கொத்தனார்களையும் சித்தாள்களையும் வேலைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் பாலசந்திர நயினாரோ, குளக்கரையில் நிற்கும் கொக்கின் பொறுமையோடு விசிறிக்கொண்டிருந்தார். நயினார் சுத்த சைவம். ஆகவே கொக்கோடு அவருக்கு உள்ள ஒற்றுமை பொறுமை ஒன்றுதான்.

"இருபத்தெட்டு," என்றார் நயினார். "எழுந்துட்டீங்களே மேஸ்திரி, கெளம்பறீங்களா?"

"இல்லீங்க, கால் மரத்துப்போச்சு," என்று மேஸ்திரி மறுபடியும் உட்கார்ந்தார்.

அவர் எப்படிக் கிளம்புவார்? அவருடைய மனைவி அம்சா கோபித்துக்கொண்டு கூட்டேரிப்பட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மேஸ்திரியின் கையில் நல்ல தொழில் இருந்தது. காலில்தான் நிலை இல்லை. ஓரிடத்தில் பாதிச் சுவர் எழுப்புவார். அடுத்த தெருவில் இரண்டு ரூபாய் கூடுதல் என்று காதில் விழுந்தால், குழைத்த கலவை காயும் முன்னே அங்கே போய்விடுவார். "ஒரு வேலையையாவது முழுசா முடிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வரச் சொல்லு. அன்னைக்கு நான் பெட்டியைத் தூக்கறேன்," என்று அம்சா தன் தம்பி அந்தோணிசாமியிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

அதுவரை மேஸ்திரி தானே கிண்டிய கேப்பைக் களியைத் தின்றாக வேண்டும். அந்தக் களியை வைத்து அஸ்திவாரம் போடலாம்; சாப்பிட முடியாது. அந்தோணிசாமியோ பாண்டிச்சேரியில் நாள் கூலி முப்பத்தைந்து ரூபாய் வாங்குபவன். மச்சானை விடக் குறைந்த கூலியோடு மாமியார் வீட்டு வாசலை மிதிப்பதா?

மேஸ்திரி ஒரு பொய்யை எடுத்து விட்டார்.

"வானூர்ல நாப்பத்திரண்டு தர்றேன்னு கூப்ட்டுக்கினு இருக்காங்க நயினாரே. நான்தான் உங்க மூஞ்சிக்காக வந்தேன்."

"அடடா, என்னால உங்களுக்கு நஷ்டம் வரலாமா? சின்னபொண்ணு! வானூர் பஸ் போவுது பாரு, மேஸ்திரிக்காக நிறுத்து!"

அலுவலகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சின்னபொண்ணு, துடைப்பத்தோடு பாய்ந்து சாலையின் நடுவே நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"யோவ், யாருய்யா வானூரு? ஜல்தி ஏறுய்யா!" என்று கத்தினார் கண்டக்டர்.

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் மேஸ்திரியைப் பார்த்தன.

"நீங்க போங்க சார்… அந்த வேலை நின்னுபோச்சு."

"எப்போ?" என்றார் நயினார்.

"இப்பதாங்க."

கண்டக்டர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையை இங்கே எழுத வேண்டியதில்லை.

பெருமை பேசியாவது மானத்தை மீட்கலாம் என்று பார்த்தார் மேஸ்திரி. "நான் மூணு மாடி ஏத்தின கை, நயினாரே!"

"அதான் எனக்கும் பேஜாரு. இது சின்ன வேலை. திண்டிவனத்துல ஒரு சமையல்கட்டு. முன்னாடி ஒரு மேஸ்திரி பாதிச் சுவரோட விட்டுட்டுப் போயிட்டாராம்."

மேஸ்திரிக்கு வியர்த்தது. அவருடைய சொந்த ஊரான திண்டிவனத்தில் பாதியில் நிற்கும் சுவர்களில் பல அவர் கைவண்ணம்.

"யாரு வூடுங்க அது?"

"கையெழுத்துக்கு முன்னால வீட்டுக்காரங்க பேரைச் சொல்றதில்லை. சொன்னா நீங்க நேரா அங்க போயிடுவீங்க. அப்புறம் என் கமிஷன் என்னாகறது?"

"மாடி வூடா, ஓட்டு வூடான்னாவது சொல்லுங்க."

"ஓட்டு வீடு."

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பியது. கூலி வாங்கிக்கொண்டு அவர் கைவிட்டவை எல்லாம் மாடி வீடுகள். இனி அந்த முகம் தெரியாத கொத்தனாரை வைவதற்கு என்ன தடை?

"அவன்லாம் ஒரு மனுசனாங்க? ஒரு பொம்பள மழையிலயும் பொகையிலயும் கெடந்து வேகறா. இவன் பாட்டுக்கு ஊரைச் சுத்திக்கினு இருக்கான்!"

"அப்படிப்பட்டவரை என்ன செய்யலாம்ங்கறீங்க?"

"வேலை முடியற வரைக்கும் சம்பளத்தைக் கண்ணுல காட்டக் கூடாதுங்க! முடிஞ்சாலும் அவன் கையில தரக் கூடாது. பொண்டாட்டி கையிலதான் தரணும்!"

நயினார் விசிறியைக் கீழே வைத்துவிட்டு மளமளவென்று எழுதினார்.

"நல்ல யோசனை மேஸ்திரி. உங்களுக்கும் அதையே போட்டுட்டேன். கூலி நாற்பது ரூபாய்தான். ஒப்புக்கறீங்களா?"

தான் வைத்த சட்டத்தைத் தானே எப்படி மறுப்பது? அதோடு நாற்பது என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்திருந்தது. மேஸ்திரி கையெழுத்தைப் போட்டார். போட்ட கையோடு மனம் கூட்டேரிப்பட்டுக்குப் பறந்தது. அம்சா பெட்டியைத் தூக்குவதும், அந்தோணிசாமி வாய் பிளந்து நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தன.

"நாளைக்கே ஆரம்பிச்சுடறேங்க. வூட்ல ஆளு இருப்பாங்களா? பூட்டிக் கெடந்தா சாவியை யாராண்ட வாங்கறது?"

நயினார் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சின்னபொண்ணுதான் சொன்னாள்:

"நேத்து அட்வான்ஸ் கட்ட வந்தப்பவே அம்சாக்கா சொல்லிடிச்சே, சாவி உங்க இடுப்புலதான் தொங்குதாம்ண்ணே!"