தொரை கேட்ட டக்கோட்டா

இந்த ஜென்மத்தில் நான் விமானம் ஏறப்போவதில்லை என்பது இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறிய அன்றே உறுதியாகிவிட்டது. அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆளை அனுப்பும்போது கப்பலில்தான் அனுப்பும். ஆகவே, நீலகிரியில் பந்தலூர்த் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டாம் மழைக்காலத்தில், நாற்பத்தெட்டு வயதில், ஒரு மகத்தான முடிவெடுத்தேன். நான் விமானத்துக்குப் போக முடியாது. விமானம் என் வீட்டுக்கு வரட்டும்.

டக்கோட்டா. வாலிபத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று ஒரே ஒரு தடவை பார்த்தது. இரண்டு இன்ஜின். வாலைத் தரையில் வைத்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கல்யாண வீட்டில் என் மாமியார் உட்கார்ந்திருப்பதுபோல. அன்றே மனதைப் பறிகொடுத்தேன். விமானத்திடம்தான்.

அதை ஒரு முழ நீளத்தில் செய்து, எங்கள் லயத்துக் காம்பராவின், அதாவது கூலி வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறையின், உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். பாக்கி ஆயுளுக்கு அது போதும்.

தடை ஒன்றுதான். அதன் பெயர் காத்தாயி. என் மனைவி. எனக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் தெரியும். அவளுக்குத் தமிழ் மட்டும். இருந்தும் இரண்டு பாஷையிலும் நான்தான் தோற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தேயிலைப் பெட்டியின் முன்னால் சுத்தியலோடு குந்தினேன். சாமான் செட்டைக் கட்டிக் கப்பலில் கொண்டுவந்த பெட்டி அது. மெல்லிய பலகை, உள்ளே பளபளவென்று ஈயத்தாள். விமானத்துக்கென்றே ஆண்டவன் செய்துவிட்டு, தவறுதலாகத் தேயிலையைப் போட்டுவிட்டான்.

“என்னாங்க அது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குச் சுத்தியல்? கூரை ஒழுகுது. அடுப்புல தண்ணி, அரிசிப் பானைல தண்ணி. புதுத் தகரம் வேணும்னு தொரைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு போன மழைலேருந்து சொல்றேன்!”

தொரை என்பது எங்கள் எஸ்டேட் மானேஜர். அவர் முன்னால் போனால் எனக்கு இரண்டு பாஷையும் சேர்ந்து மறந்துபோகும். ஆபீஸ் கிளார்க்கான நான் அவரிடம் இதுவரை பேசிய மிக நீண்ட வாக்கியம், “சார்.” ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு பொறி தட்டியது. எஸ்டேட்டில் ‘தொரை சொன்னார்’ என்றால் எதிர்க்கேள்வி கிடையாது. அக்கரையிலும் கிடையாது, இக்கரையிலும் கிடையாது.

“தொரைதான் கேட்டிருக்கார்” என்றேன்.

“என்னத்த?”

“ப்ளேன். டக்கோட்டா. பங்களாவுல வைக்க. என்னைத் தவிர யாருக்கும் செய்யத் தெரியாதாம்.”

காத்தாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தன் கையாலேயே என் பக்கம் தள்ளினாள்.

“அப்ப நல்லாச் செய்ங்க.”

அப்புறம் ராஜ வாழ்க்கை! விறகை அவளே பிளந்தாள். தண்ணீரை அவளே தூக்கினாள். சக்கரக் காலுக்குக் கொண்டை ஊசி கேட்டேன். தலையிலிருந்தே உருவித் தந்தாள். சக்கரத்துக்கு என் ஒரே கோட்டின் பொத்தான்களை அறுத்தாள். இன்ஜின் விசிறி வெட்டத் தகரம் வேண்டும், டின்பால் டப்பா காலியாக வேண்டும் என்று எனக்குத் தினமும் பால் டீ. மழை ஈரத்தில் மைதாப் பசை காயவில்லை. சாயங்காலம் நேராக ஒட்டிய இறக்கை காலையில் நனைந்த கோழிபோலத் தொங்கியது. காத்தாயி அடுப்புக்கு மேலே, தேயிலை பறிக்கும் தன் கொழுந்துக் கூடையைக் கட்டி, இறக்கையை அதில் படுக்கவைத்து, தொட்டில் மாதிரி ஆட்டி ஆட்டி உலர்த்தினாள்.

“இந்தப் பக்கம் கோணுதே. தொரை என்னா நெனைப்பாரு?” என்று பிரித்து மறுபடியும் ஒட்டவைத்தாள்.

பக்கத்து வீட்டு வேலாமணி கோயம்புத்தூர்க்காரி. எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, இது பறக்குமுங்களா?”

“பறக்காதும்மா. பார்க்கத்தான்.”

“அட, எங்க ஊட்டுக்காரராட்டமே!”

ஒரு சாயங்காலம் கடைசி ஜன்னலையும் வரைந்து முடித்து, உத்தரத்தில் கட்டினேன். ஈயத்தாள் உடம்பில் விளக்கு வெளிச்சம் ஓடியது. பாயில் மல்லாந்தேன். தலைமன்னார், ராமேஸ்வரம், கப்பலில் எடுத்த வாந்தி எல்லாமே எங்கோ கீழே, ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன.

“எப்பக் குடுக்கப் போறீங்க?”

“அவசரமில்ல. தொரை... ஊட்டிக்குப் போயிருக்கார்.”

நிம்மதியாகத் தூங்கினேன். அப்படி ஒரு பொய்யைச் சொன்னவன் தூங்கியிருக்கக் கூடாது.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். உத்தரத்தில் கயிறு மட்டும் ஆடியது. வாசலில் புத்தம் புதுத் தகரங்கள் அடுக்கியிருந்தன.

“காத்தாயி! ப்ளேன் எங்க?”

“பங்களாவுல. கொழுந்துக் கூடைல வச்சுத் தூக்கிட்டுப் போய்க் குடுத்திட்டேன். தொரை ஊட்டிக்கே போகலியே!”

“குடுத்திட்டியா?”

“தொரை கேட்ட ப்ளேனைத் தொரைகிட்டக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்குறது?”

வாயைத் திறந்தேன். அது என் விமானம் என்றால் நான் சொன்னது பொய். நான் சொன்னது பொய்யில்லை என்றால் அது தொரையின் விமானம். வாயை மூடினேன்.

“அவருக்குக் கேட்ட ஞாபகமே இல்லியாம். ‘ஆயிரம் வேலைல மறந்திருப்பீங்க தொரை’ன்னேன். கையில ஏந்திக்கிட்டு, ‘டுர்ர்ர்’னு வராந்தா பூரா ஓடுறாரு! எறங்கி வந்ததும் கூரையச் சொன்னேன். ஒடனே தகரத்தைக் குடுத்தனுப்பிட்டாரு.”

“என்னைப் பத்தி?”

“‘ராஜரத்தினமா? அவருக்குப் பேச்சு வருமா?’ன்னாரு.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காத்தாயி பால் டீயை நீட்டினாள்.

“விசனப்படாதீங்க. பாக்டரிலேருந்து இன்னொரு பெட்டி வருது. சொல்லிட்டு வந்திருக்கேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவா, காத்தாயி?”

“தொரைக்கு இன்னும் வேற வேற ப்ளேனும் வேணுமாம்.”

வாசலில் நிழல் விழுந்தது. வேலாமணி. கையில் காலி டின்பால் டப்பா. அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள், ஆளுக்கொரு கொண்டை ஊசியை நீட்டிக்கொண்டு.

“ஏனுங்ணா, அடுத்தது எங்க ஊட்டுக்குப் பண்ணிப்போடுங். அடுப்பு பூராத் தண்ணிங்.”

எங்கள் லயத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எல்லாக் கூரையும் ஒழுகுகிறது.