பீடத்தில் வைத்த பட்டர்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு,

மாதாவின் கருணையால் நீயும் மருமகன் டெஸ்மண்டும் ஈப்போவில் சுகமாக இருக்க வேண்டுமென்று உன் அப்பா வில்லியம் தன் சொந்தக் கையால் எழுதுவது. ஆமாம் மகளே, சொந்தக் கைதான். கோயில் மண்டபத்து வகுப்பில் எழுபத்தொரு வயதில் கற்ற எழுத்து. ஈப்போவின் 'ஈ'யைப் போட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தரம் பார்த்தேன். அழகாக வந்திருக்கிறது. எழுத வந்த சேதிதான் அழகாக இல்லை. போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் அம்மா என்னை விட்டுப் போகப் போகிறாள். காரணம் பட்டர்.

குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் அவளுக்கு மாவுக்கட்டு போட்டது உனக்குத் தெரியும். காலையில் இரண்டு துண்டு ரொட்டியில் பட்டர் தடவித் தின்னாவிட்டால் அவளுக்கு நாளே விடியாது என்பதும் தெரியும். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பட்டர் கல்லாக இருக்கிறது, இடது கையால் கத்தியை அழுத்தினால் ரொட்டிதான் கிழிகிறது. நான் தடவித் தருகிறேன் என்றால், "எனக்கு இன்னொரு கை இருக்கு. உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெறும் கோப்பியோடு எழுந்து போய்விடுகிறாள். மூன்று வாரத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. சரி, வெளியே வைப்போம் என்று மேசைமேல் வைத்தேன். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்குள் எண்ணெய், பதினொன்றுக்கு எறும்பு. எறும்புக்காகத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே கிண்ணத்தை வைத்தேன். பூனைக்கு நீந்தத் தேவைப்படவில்லை, கழுத்து நீளமே போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டு நோர்மா, பட்டரைச் சின்ன கப்பில் அடைத்துத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்தால் கெடாமல் இளக்கமாக இருக்கும், போனில் பார்த்தேன் என்றாள். கவிழ்த்தேன். மத்தியானம் பார்த்தால் கப் அடியில், பட்டர் மேலே மிதக்கிறது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "பட்டருக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் முன்னறையில் மாதா சுரூபம் இருக்கும் பளிங்குப் பலகை. வெயில் படாது, காத்தாடிக் காற்று நேரே விழும். கண்ணாடிக் கிண்ணத்தில் பட்டரைப் போட்டு, பின்னல் துணியால் மூடி, மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு அங்கே வைத்தேன். புதன்கிழமை ஜெபக்கூட்டம் நம் வீட்டில் என்பதை மறந்துவிட்டேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள், காத்தாடியை நிறுத்திவிட்டு அந்தப் பலகையில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஜெபமாலை மூன்றாம் பத்துக்குள் பட்டர் உருகிப் பொன்னாகிவிட்டது. ஜெபம் நடத்தும் நாதன் துணியைத் தூக்கிப் பார்த்து, "அண்ணே, புக்கிட் மெர்தாஜாம் கோயில்ல மந்திரிச்ச எண்ணெயா? சொல்லவே இல்லையேலா!" என்றார். நான் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் பாதியில் இருந்தேன். ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பட்டர் என்று எப்படிச் சொல்வது? நான் ஆமென் சொல்வதற்குள் அவர் விரலைத் தோய்த்து எல்லார் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டார். என் எழுத்து வகுப்பு டீச்சர் வனேசா, "அங்கிள், கேக் வாசம் வருதுலா" என்றாள். ஒரு பெரியவர் மூக்கு வழியாக இறங்கியதை நக்கிப் பார்த்து, "உப்புக் கரிக்குது, மாதா செஞ்ச புதுமை!" என்று கண்ணீர் விட்டார். கடைசியில் மிச்சத்தை உன் அம்மாவின் மாவுக்கட்டின்மேல் நாதன் தாராளமாக ஊற்றினார். அவள் அதை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எல்லாரையும் வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தாள். அதற்குள் கட்டின்மேல் எறும்பு வந்துவிட்டது.

"மாதா முன்னால என் மானத்த வாங்கிட்டீங்க. அடுத்த மாசம் மொத சனிக்கிழம பிரிஸில்லா காடி ஓட்டிட்டு வரட்டும், நான் ஈப்போ போறேன். அவ சாப்பிடுற ரூம்ல ஏர்கான் இருக்கு. அங்க பட்டர் பட்டரா இருக்கும்."

"எப்ப திரும்பி வருவ?"

"இங்க பட்டர் ஒழுங்கானா சொல்லி அனுப்புங்க."

அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கிவிட்டது மகளே. நாற்பத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் அவள் எதிரே உட்காராமல் நான் ஒரு கோப்பி குடித்ததில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், காடி பழுது என்று சொல், ஏர்கான் பழுது என்று சொல், டெஸ்மண்டுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல். அந்தப் பொய்களுக்கெல்லாம் நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன்.

உங்கள் இருவர் நெற்றியிலும் இங்கிருந்தே வெறும் விரலால் சிலுவை இட்டு ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
வில்லியம்

பின்குறிப்பு: எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். டெஸ்மண்ட் சுகமாகவே இருக்கட்டும். இன்று காலை ஐஸ்பெட்டியிலிருந்து பட்டரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது உன் அம்மா இடது கையால் கத்தியை வைத்தாள், அது தானாக வழுக்கிக்கொண்டு போனது. ரொட்டியின் நாலு மூலைக்கும் தடவி மூன்று துண்டு தின்றாள். நான் ஒரு பக்கம் எழுதும் நேரம்தான் பட்டர் இளகும் நேரமாம். பெட்டி மறுபடியும் அலமாரி மேல் ஏறிவிட்டது. கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை தினமும் உனக்கு ஒரு பக்கம் வரும். எழுத விஷயம் இல்லாவிட்டாலும் எழுதச் சொல்கிறாள். வேகமாக எழுதப் பழகிவிடக் கூடாது என்றும் சொல்கிறாள்.