லேசா ஒரு ராவு

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் இவர்களுக்குக் கை அரிக்கும். கெட்டுப்போன வண்டியைப் பழுது பார்ப்பவரை மெக்கானிக் என்கிறோம். கெடாத வண்டியைப் பழுது பார்ப்பவருக்கு அகராதியில் பெயரே இல்லை. நான் வைத்திருக்கும் பெயர் 'லேசாக்காரர்'. எந்த நாசவேலையையும் இவர் 'லேசா' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

லேசாக்காரரை எப்படி அடையாளம் காண்பது? முதலில் மூக்கால். எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்து எரிந்த புகை வந்தால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அவர் கண்ணை மூடி உள்ளே இழுப்பார். அடுத்தது காது. தெருமுனையில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி போனால் போதும், டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தாலும் கையமர்த்திவிட்டு, "சைலன்சர்ல கரி அடைச்சிருக்கு" என்பார். டாக்டர் ஒரு கணம் ஆடிப்போவார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புகை வெளியே ஓடும்போது அதோடு எரியாத பெட்ரோலும் கொஞ்சம் தப்பித்துவிடும் என்றும், சைலன்சரின் வயிற்றைப் பெருக்கி வாலைச் சிறுத்தால் அதில் மோதித் திரும்பும் அலை அந்தப் பெட்ரோலைக் கழுத்தைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளும் என்றும், சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் வாசலுக்குப் போர்ட் என்று பெயர் என்றும், அதன் மேல் விளிம்பை அரத்தால் லேசா ராவி உயர்த்தினால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்றும், இதைச் செய்யாத கம்பெனிக்காரன் சுத்தச் சோம்பேறி என்றும், உங்கள் டீ ஆறி ஏடு படியும்வரை சொல்வார். அத்தனையும் உண்மை. அதுதான் ஆபத்து.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே.

என் பிழைப்பு, அச்சகத்தில் பிழை திருத்துவது. எங்கள் ஸ்கூட்டரோ பதினாறு வருடமாக ஒரு பிழையும் செய்ததில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த நிலையில்தான், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக உதவியாளராகவே இருந்த என் மனைவிக்கு, மேட்டின் உச்சியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கே பரிசோதனைக் கூடத்துக்கே தலைமைப் பொறுப்பு. திங்கட்கிழமை, காலை பத்து மணி. சனிக்கிழமை நான் சிலிண்டரைக் கழற்றினேன்.

"என்னங்க, திங்கக்கிழமை வண்டி வேணும்."

"அதுக்குத்தானே இது! மேடு ஏறணும்ல? லேசா ஒரு ராவு ராவினா பறக்கும்."

"இப்பவே ஏறுதே?"

"ஏறுது. ஆனா முனகுது."

"நானும்தான் முனகுறேன். என்னையும் கழட்டுவீங்களா?"

என் கணக்குப்படி ஒரே ஒரு மில்லிமீட்டர். அரத்தை எடுத்து ராவினேன். இடது மூலை லேசாக ஏறிவிட்டது. அதற்குச் சமமாக வலது மூலையை ராவினேன். அது அதிகம் ஏறிவிட்டது. முடி திருத்துபவர் ஒரு கிருதாவை இன்னொன்றுக்குச் சமன் செய்யப் பார்க்கும் அதே அவதி. அவருக்காவது முடி மறுபடி வளரும். ஞாயிறு மாலைக்குள் ஒரு மில்லிமீட்டர் மூன்றாகியிருந்தது. புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பறந்தது! ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.

சாலை சமதளம், பின்சீட்டு காலி. இந்த இரண்டும் என் புத்தியில் ஏறவில்லை. போர்ட்டை அளவுக்கு மீறி உயர்த்தினால் வேகத்தில் பலம் கூடி மெதுவில் பலம் செத்துவிடும் என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவன்தான் நான்.

திங்கட்கிழமை, பத்தாக இன்னும் பத்து நிமிடம். பாதி மேட்டில் வண்டி ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. நகரவில்லை. மனைவி இறங்கினாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், நடந்தே மேடு ஏறினாள். நான் உறுமிக்கொண்டே பின்னால் போனேன். அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். வாசலில் மூச்சு வாங்கத் திரும்பி, "நல்லாத்தானேங்க ஓடிட்டு இருந்துச்சு?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினோரு வருடக் காத்திருப்பை அரத்தால் ராவிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி இது: "பொறுப்புக்கு வந்தா முதல்ல என்னம்மா மாத்துவீங்க?" மற்றவர்கள் எல்லாரும் நீளமாகப் பட்டியல் வாசித்தார்களாம். இவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஓடுற எதையும் தொட மாட்டேன் சார்" என்றாளாம்.

வேலை அவளுக்குத்தான்.

ராவிய இரும்பை ஒட்ட முடியாது. புதுச் சிலிண்டர் வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரித்துப் போர்ட் விளிம்பை விரலால் தடவினேன். சொரசொரவென்று இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, லேசா... அரத்தைத் தேடினேன். காணோம். அது இப்போது தினமும் காலையில் என் மனைவியின் கைப்பையில் ஆஸ்பத்திரிக்குப் போய், மாலையில் பஸ்ஸில் வீடு திரும்புகிறது.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஸ்கூட்டரே கிடையாது என்கிறீர்கள். சரி, இதைப் படித்துக்கொண்டு வரும்போது, இந்த வரியை மட்டும் லேசா மாற்றியிருக்கலாமே என்று எங்காவது தோன்றியதா? அப்படியானால் எழுந்து போய் உங்கள் அரம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பயப்படாதீர்கள். உங்கள் வீட்டிலும் விவரமானவர் ஒருவர் இருக்கிறார்.